நேரம் மாறுகிற ஞாயிறு: டிமென்ஷியா உள்ளவர் வீட்டில் என்ன நடக்கிறது?

12 ஒக்டோபர் 2024 – லெஸ்டர் வாசகி ஒருவரின் கேள்வி

மாமிக்கு அல்சைமர், டிமென்ஷியா என்கிற மறதி நோய்களில் ஒன்று. போன வருடம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு, வழமைபோல இங்கிலாந்து முழுக்க மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகு, இரண்டு கிழமைக்கு மேல் பின்னேரங்களில் அவரைச் சமாளிக்க முடியவில்லை. "வீட்டை போகவேணும்" என்று முன்கதவைப் பிடித்து இழுத்தபடி நிற்பார். என் கணவர் சொல்கிறார், அம்மாவுக்கு மணியே பார்க்கத் தெரியாது, ஒரு மணி நேரம் மாறியது அவருக்கு எப்படித் தெரியும் என்று. இவர் சொல்வது சரியா? 27ஆம் திகதி திரும்பவும் வருகிறது.

12 ஒக்டோபர் 2024, இரவு

பாதி சரி. மணி பார்க்கத் தெரியாதவரைத்தான் இது கூடுதலாக இடிக்கும்.

நானும் நீங்களும் ஞாயிறு விடிய எழும்பிப் போனைப் பார்க்கிறோம், "ஓ, நேரம் மாறியிருக்கு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம், வயிறு கூப்பிட்டாலும் கொஞ்சம் பொறுக்கிறோம். மாமியால் அந்த ஒரு வசனத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்கு நேரம் காட்டுவது உடம்பு, வெளிச்சம், பக்கத்தில் இருக்கிற ஆட்கள். ஞாயிறன்று உடம்பும் வெளிச்சமும் சனிக்கிழமை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆட்கள் நாங்கள்தான் ஒரே இரவில் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறோம். தேத்தண்ணி பிந்துகிறது, சோறு பிந்துகிறது, கழுவி விட வருகிறவர் பிந்துகிறார்.

எங்கள் வீட்டை எடுங்கள். லண்டன் ஹரோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, அல்சைமரும் இரத்தக்குழாய் பாதிப்பும் கலந்த டிமென்ஷியா. காலை ஏழு மணிக்குப் பராமரிக்கிற கெயரர் வந்து இரவு கட்டிய சலப் பாட்டை (pad) மாற்றி, உடம்பு துடைத்து விடுவார். நேரம் மாறிய ஞாயிறும் அவர் ஏழுக்குத்தான் வருவார், அம்மாவின் உடம்புக்கு அது எட்டு. ஒரு மணி நேரம் கூடுதலாக ஈரத்தோடு கிடந்த மனுஷி கையைத் தட்டிவிடாமல் கும்பிடவா செய்வார்? குறிப்புப் புத்தகத்தில் "ஆக்ரோஷமாக நடந்துகொண்டார்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர் அதை வாசித்துவிட்டுப் பயந்து பயந்து கிட்டப் போனார். அம்மாவுக்கு அது இன்னும் எரிச்சல்.

உங்கள் கணவரிடம் இந்தப் பாட் கதையைச் சொல்லுங்கள். விளங்கும்.

13 ஒக்டோபர் 2024

உடம்பு என்று நேற்றுச் சும்மா எழுதிவிட்டேன். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கண்ணிலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். அதற்குச் சற்று மேலே, அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு நரம்புக்கூட்டம் இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது உடம்புச் சூடு இறங்குவது என்று அதுதான் தாளம் போடுகிறது. அதைத் தினமும் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். வயது போகப் போக அங்கே உயிரணுக்கள் குறைகின்றன, அல்சைமரில் இன்னும் கூடுதலாகக் குறைகின்றன என்று நெதர்லாந்தில் டிக் ஸ்வாப் என்பவரின் குழு 1985இலேயே காட்டிவிட்டது. போதாததற்கு வயதானவர்களின் கண்வில்லை மஞ்சளாகிவிடும். அந்தத் தாளத்துக்குத் தேவையான நீல வெளிச்சத்தைத்தான் அது முதலில் மறிக்கிறது. கற்றரக்ட்டும் (கண்புரை) இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் ஒரு மணி நேரத்தை இரண்டு நாளில் சீரணித்துவிடுவேன். அம்மாவுக்கு அது கிழமைக்கணக்கில் இழுக்கிறது.

15 ஒக்டோபர் 2024

மணிக்கூடுகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சிரிக்கத் தயாராக இருங்கள்.

எங்கள் வீட்டில் தானாக நேரம் மாறுகிற சுவர் மணிக்கூடு ஒன்று இருந்தது. கம்பிரியாவில் ஆந்தோர்ன் என்ற இடத்துக் கோபுரங்களிலிருந்து வருகிற ரேடியோ சிக்னலைப் பிடித்து அது ஓடும். இந்த முள் மணிக்கூடுகளுக்குப் பின்னால் போகத் தெரியாது. ஒக்டோபரில் ஒரு மணி நேரம் குறைக்க வேண்டுமென்றால் முன்னோக்கிப் பதினொரு மணி நேரம் கடகடவென்று சுற்றி வந்துதான் நிற்கும். அம்மா இரவில் முழித்திருப்பவர். யாரும் தொடாமல் முள்ளு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் திருநீறு பூசும்வரை படுக்கவில்லை. அந்த மணிக்கூடு இப்போது கராஜில்.

குசினியில் மைக்ரோவேவ் ஒரு நேரம் சொல்லும், அடுப்பு இன்னொரு நேரம் சொல்லும், அதைச் சரிசெய்யும் பொத்தான் எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆகையால் அரை வருடத்துக்கு அது பிழை, அரை வருடத்துக்குச் சரி. எழுத்து வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கிறவருக்கு இதுவே பெரிய குழப்பம். ஒரே நேரத்தைக் காட்டுகிற ஒரே ஒரு மணிக்கூட்டைப் பெரிதாக வைத்துவிட்டு மற்றவற்றை மூடிவிடுங்கள்.

"காலை", "பின்னேரம்", "இரவு" என்று எழுத்தில் காட்டுகிற டிமென்ஷியா மணிக்கூடு? ஒக்டோபர் வரை நல்லது. அதன்பிறகு வெளியே கும்மிருட்டு, அது "பின்னேரம்" என்று நிற்கும். அம்மா யன்னலைத்தான் நம்பினார். யாரென்றாலும் யன்னலைத்தானே நம்புவார்கள்.

17 ஒக்டோபர் 2024

முன்கூட்டியே என்ன செய்யலாம் என்று பலர் கேட்டதால்: கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒக்டோபரில் எல்லாவற்றையும் *பிந்த* வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரவுச் சாப்பாடு இப்போது 6 மணி என்றால் 21ஆம் திகதி திங்கள் 6:10, செவ்வாய் 6:20, அப்படியே போய் சனிக்கிழமை 7. ஞாயிறு மணிக்கூடு திரும்பவும் அதை 6 என்று சொல்லும். சாப்பாடு, குளிசை, பாத்ரூம், படுக்கை நான்கையும் சேர்த்து நகர்த்துங்கள். சாப்பாட்டை மட்டும் தள்ளினால் பசியோடு ஒரு சண்டை, படுக்கையை மட்டும் தள்ளினால் தூக்கத்தோடு ஒரு சண்டை.

இதில் ஒரு வேடிக்கை. கோடைக்கு மணிக்கூட்டை முன்தள்ள வேண்டும் என்று இங்கிலாந்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வில்லியம் வில்லெட் ஒரு வீடு கட்டும் ஒப்பந்தக்காரர். 1907இல் அவர் அச்சடித்த சிறு நூலில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் என்று இல்லை. ஏப்ரல் மாத ஞாயிறு நான்கிலும் 20 நிமிடம் 20 நிமிடமாக, மொத்தம் 80 நிமிடம். செப்டெம்பரில் அதேபோல் திரும்பி வருவது. அவர் 1915இல் இறந்தார். அடுத்த வருடம் சண்டைக்கால நிலக்கரியை மிச்சம் பிடிக்க அரசாங்கம் சட்டம் போட்டபோது ஒரே இரவில் ஒரு மணி நேரம் என்று ஆக்கிவிட்டது. வருடத்தில் எட்டு ஞாயிறு மணிக்கூடு திருகுவது இரயில்காரருக்குத் தலையிடிதான். ஆனால் டிமென்ஷியா வீடுகளில் நாங்கள் இப்போது ஒளித்துச் செய்வது வில்லெட்டின் முறையைத்தான்.

கெயரர் ஏஜென்சியைக் கேட்டேன், அந்த ஒரு கிழமைக்கு மட்டும் வரும் நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகத் தள்ள முடியுமா என்று. ரோட்டா, அதாவது வேலை அட்டவணை, கம்ப்யூட்டரில் இருக்கிறதாம், பத்து நிமிடம் அதில் இல்லையாம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள். அந்த ஞாயிறு காலை மட்டும் நானே எழும்பி, பழைய ஏழு மணிக்கு, அதாவது புதிய ஆறுக்கு, பாட் மாற்றிவிடுவது என்று முடிவு.

20 ஒக்டோபர் 2024

"அக்கா, வீட்டில் நேரத்தை மாற்றாமலே விட்டால் என்ன? கனடாவில் சஸ்காச்சுவானில் மாற்றுவதே இல்லையே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, சஸ்காச்சுவானில் பஸ்ஸும் கடையும் டொக்டரும் சேர்ந்து மாற்றாமல் இருக்கிறார்கள். உங்கள் வீடு மட்டும் மாற்றாமல் இருந்தால் டே சென்ரர் வண்டிக்காரன் வாசலில் நின்று ஹோர்ன் அடிப்பான்.

20 ஒக்டோபர் 2024, பிந்தி

கிண்டல் செய்துவிட்டேனே தவிர, சமைக்கிறபோது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியாட்களோடு கட்டுப்பட்டவை எவை? கெயரர், டே சென்ரர், மருந்துக்கடை. மிச்சம் எல்லாம் எங்கள் கையில்தானே. பின்னேரத் தேத்தண்ணியை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அதைப் பழைய நேரத்திலேயே விட்டுப் பார்க்கலாம்.

27 ஒக்டோபர் 2024

இன்று 25 மணி நேரம். அம்மாவுக்கும் எனக்கும்.

29 ஒக்டோபர் 2024

காலைகள் பரவாயில்லை. பத்து நிமிடக் கணக்கு வேலை செய்தது. இடிபடுவது பின்னேரம்.

சனிக்கிழமை லண்டனில் சூரியன் மறைந்தது 5:40 கடந்து. ஞாயிறு 4:40 கடந்து. அம்மாவுக்கு இந்த வயதிலும் மாறாத ஒரு பழக்கம், பொழுதுபட்டால் சாமி அறையில் விளக்கு வைப்பது. விளக்கு வைத்தால் பிறகு இரவுச் சாப்பாடு, பிறகு கதவடைப்பு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க இது ஆறு, ஆறரையை ஒட்டியே நடக்கும். அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லண்டனில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அறுபது வருடமாக ஆறு, ஆறரைக்கு வந்த பொழுது இப்போது நாலே முக்காலுக்கு வருகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தெருவில் போய்க்கொண்டிருக்க, அம்மா விளக்கை வைத்துவிட்டு, "எல்லாரும் இன்னும் வரேல்லை, நான் வீட்டை போறன்" என்று வெளிக்கிடுகிறார்.

இதற்கு நான் கண்டது. இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே, எல்லா லைற்றையும் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுவது. பொழுதுபடுவதை அம்மா பார்க்கவே கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. வெளியே இருட்டி உள்ளே வெளிச்சம் இருந்தால் யன்னல் கண்ணாடி முகம் காட்டும். தன் முகத்தையே அடையாளம் தெரியாதவருக்கு அது தோட்டத்தில் நின்று உள்ளே எட்டிப்பார்க்கும் ஒரு கிழவி. லெஸ்டர் தங்கச்சி, மாமி கதவுக்கு ஓடுவதற்கு முன் யன்னல் பக்கம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

"இதுதான் அம்மா வீடு" என்று வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். "ஓம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்பேன். பெரும்பாலும் தேத்தண்ணி முடிய வீடு மறந்துவிடும். மறக்காத நாளில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வருவோம். ஆள் தனியாக வெளிக்கிட்டு விடுவார் என்ற பயம் இருந்தால் பொலிசில் ஹெர்பர்ட் புரோட்டகோல் என்று ஒரு படிவம் உண்டு. படம், பழைய விலாசங்கள், போகக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பி வீட்டில் வைத்திருக்கலாம். காணாமல் போன நேரத்தில் கை நடுங்கிக்கொண்டு தேட வேண்டியதில்லை.

3 நவம்பர் 2024

கடைசியில் சாப்பாட்டுப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது. ஸ்காபரோவிலிருந்து!

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற என் தம்பி வேலைக்குப் போக முதல், தன் காலை எட்டு மணிக்குத் தினமும் அம்மாவுக்கு எடுப்பான். இங்கே மத்தியானம் ஒன்று, சாப்பிட்டு முடிந்திருக்கும். ஒக்டோபர் 27 நாங்கள் நேரத்தை மாற்றிவிட்டோம், ரொறன்ரோ நவம்பர் 3, இன்றைக்குத்தான் மாற்றுகிறது. இடையில் ஒரு கிழமை ஐந்து மணி நேர வித்தியாசம் நாலாகச் சுருங்கி, போன் பன்னிரண்டுக்கு வந்தது. அம்மாவுக்குத் தம்பியின் போன் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். தட்டைக் கொண்டுபோனால் "சாப்பிட்டாச்சு, தம்பியும் எடுத்திட்டான்" என்று வாயை மூடிக்கொள்வார். நான் ஒரு கிழமையாக உறைப்புக் கூடிப்போச்சோ, பல்லுக் கொதிக்குதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் மணிக்கூடு என்பது தம்பிதான். மார்ச்சில் இது மூன்று கிழமை வரும், அவர்கள் முந்தி மாற்றுகிறார்கள். அவனிடம் சொல்லிவிட்டேன், அந்த நாட்களில் உன் மணியைப் பார்க்காதே, லண்டன் மணியைப் பார்த்து எடு என்று. "அப்ப நான் பஸ்ஸுக்குள்ள நிண்டுதான் கதைக்கோணும்" என்றான். கதை, என்ன வந்தது.

சின்னம்மா ஊரிலிருந்து விளக்கு வைத்த கையோடு ஆறரைக்கு எடுப்பார். கோடையில் இங்கே இரண்டு மணி. இப்போது ஒன்று. இனிமேல் தம்பியும் சின்னம்மாவும் ஒரே நேரத்தில். அது வேறு கூத்து.

6 நவம்பர் 2024

நேற்று அம்மாவிடம் "நாலு மணியம்மா, தேத்தண்ணி குடிப்பமா" என்றேன். "எந்த நாலு? புது நேரமோ பழைய நேரமோ?" என்றார்.

இளம் ஆட்களுக்கு இது விளங்காது. 1996 மே மாதம் மழை பொய்த்து நீர்மின்சாரம் படுத்தபோது இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி நேரம் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அதை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரம்தான். அம்மா 95 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்குப் போய் இருந்தவர். சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி அரசாங்கப் பக்கம் வவுனியாவுக்குப் போகிறவர் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வரும்போது குறைக்க வேண்டும். எந்த நேரம் என்று கேட்காமல் யாரையும் சந்திக்க முடியாது.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று அம்மாவுக்குத் தெரியாது. இது தெரிகிறது. "பழைய நேரம்" என்றேன். "அப்ப சரி" என்று குடித்தார். தேத்தண்ணியைப் பழைய நேரத்தில் விட்டது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

10 நவம்பர் 2024

மில்ரன் கீன்ஸ் வாசகருக்கு. அப்பா சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார், பகலெல்லாம் சுருண்டு கிடக்கிறார், இதெல்லாம் மூன்று நாளுக்குள் தொடங்கியது, நேரம் மாறியதால்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இதை நேரத்தின் தலையில் போடாதீர்கள். இன்றைக்கே ஜிபிக்கு, அதாவது குடும்ப டொக்டருக்கு, எடுங்கள், கிடைக்காவிட்டால் 111 மருத்துவ உதவி இலக்கத்துக்கு. திடீரென்று குழம்புவது சலத்தில் கிருமி, நெஞ்சில் சளி, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புது மருந்து இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். நேரம் மாறின குழப்பம் பின்னேரத்தில் கூடும், காலையில் தெளியும், நாளாக நாளாக இறங்கும். நாள் முழுக்க ஆள் வேறு ஆளாக இருந்தால் அது வேறு.

11 நவம்பர் 2024

சலத்தில் கிருமிதானாம். அன்ரிபயோட்டிக் தொடங்கிவிட்டார்கள். நல்லது.

1 டிசம்பர் 2024

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நேரத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் குளிர்காலம் வரத்தானே போகிறது? பொழுது முந்திப் படத்தானே போகிறது? பிறகு ஏன் மணிக்கூட்டைத் திட்டுகிறேன்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரம் மாறிய ஞாயிறு சூரியன் மறைந்தது 4:43 அளவில். டிசம்பர் நடுவில், வருடத்திலேயே மிக முந்தி மறையும் நாட்களில், 3:51. அதாவது இயற்கை ஏழு கிழமை எடுத்து ஐம்பது நிமிடத்தைக் குறைக்கிறது. சட்டம் ஒரே இரவில் அறுபதைக் குறைக்கிறது. அந்த ஏழு கிழமை இறக்கத்தை அம்மா ஓரளவு தாங்குகிறார், இந்த வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆக இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே அளவில் இல்லை.

டென்மார்க்கில் 2017இல் வந்த ஆய்வு ஒன்றில், இலையுதிர்கால நேரமாற்றத்துக்குப் பிறகு மனச்சோர்வு நோய்க்கு வைத்தியசாலையில் பதிவானவர்கள் சுமார் 11 சதவீதம் கூடினார்கள். அது டிமென்ஷியா பற்றியதில்லை, எல்லா வயதினரும் சேர்ந்தது. கவனிக்கிற எங்களுக்கும் அது பொருந்தும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், பொது அறைகளின் வெளிச்சத்தைப் பகல் முழுக்க 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஏற்றினார்கள். நினைவாற்றல் இறங்குவது கொஞ்சம் மெதுவானது, மனச்சோர்வும் குறைந்தது. மலைக்குமளவு இல்லை, ஆனால் பக்கவிளைவு இல்லாத பல்பு வெளிச்சம் அது. அதே ஆய்வில் தூக்கத்துக்கு எடுக்கிற மெலடோனின் குளிசையை மட்டும் கொடுத்தவர்களுக்கு மனநிலை மோசமானது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கனடாவில் அது கடையில் வாங்கலாம், இங்கே டொக்டர் எழுதித்தான் தர வேண்டும், ஆகவே கலியாணத்துக்கு வருகிற சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு போத்தல் கொண்டுவருகிறார்கள். அல்சைமர் உள்ளவரின் தூக்கத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்பது, மருத்துவ வழிகாட்டல் தருகிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018இல் சொன்னது. எங்கள் வீட்டு அலுமாரியில் நாலு போத்தல் இருக்கிறது.

16 மார்ச் 2025

மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிற மார்ச் 30 வருகிறது. மார்ச் லேசு, பின்னேரம் வெளிச்சம் கூடுகிறதே என்று நினைக்கிறீர்கள். பின்னேரம் லேசுதான். காலையைப் பாருங்கள்.

ஒக்டோபரில் எல்லாம் உடம்புக்குப் பிந்தி வரும். மார்ச்சில் எல்லாம் முந்தி வரும். ஏழு மணிக் கெயரர் உடம்புக்கு ஆறு மணி. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பி நிற்க வைக்கிறார்கள், கால் தடுக்குகிறது, இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. அம்மா ஒருமுறை கட்டிலடியில் சறுக்கி இருந்துவிட்டார், எலும்புக்கு ஒன்றும் இல்லை. வசந்தகால மாற்றத்துக்குப் பிந்திய கிழமையில் மாரடைப்பு சுமார் ஐந்து சதவீதம் கூடுவதாக சுவீடனில் பார்த்திருக்கிறார்கள், 2008இல் வெளியானது. நல்ல மூளையுள்ளவர்களுக்கே அப்படி.

ஆகவே இந்தமுறை எல்லாம் *முந்த* வேண்டும், பத்துப் பத்து நிமிடமாக. படுக்கைக்கு முந்திப் போவது கஷ்டம், வெளிச்சம் விடாது. காலையில் முந்தி எழுப்பி யன்னலடியில் இருத்துவது சுகம். அதிலிருந்து தொடங்குங்கள். எழுப்பிய உடனே நிமிர்த்தாமல், கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள்.

ஜூனில் 9:20க்குச் சூரியன் மறையும்போது அம்மா விளக்கு வைக்காமல் படுக்க மாட்டேன் என்று நிற்பார். அதற்கு இருட்டுத் திரைச்சீலை, வேறு வழியில்லை.

2 ஏப்ரல் 2025

பார்க்கின்சனோடு டிமென்ஷியா உள்ள அப்பாவின் குளிசை பற்றிக் கேட்டவருக்கு. நாளுக்கு ஒரு தடவை எடுக்கிற ஞாபகக் குளிசை, முதுகில் ஒட்டுகிற பச் போன்றவற்றுக்கு ஒரு மணி நேரம் பெரிய விஷயம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் போடுகிற இன்சுலின் சாப்பாட்டோடு கட்டுப்பட்டது, சாப்பாடு நகர்ந்தால் அதுவும் நகரும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா அப்படி இல்லை. அதற்கு அரை மணி நேரமே கணக்கு. ஆஸ்பத்திரிகளிலேயே குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் ஆள் கட்டையாக இறுகிவிடுவார். ஒக்டோபருக்கு முதலே பார்க்கின்சன் நேர்ஸிடமோ மருந்தாளரிடமோ ஒரு அட்டவணை எழுதி வாங்குங்கள். என் கணக்கை நம்பிச் செய்ய வேண்டாம்.

4 ஏப்ரல் 2025

"இந்தக் கோதாரியை நிற்பாட்ட மாட்டார்களா?" – ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் நிறுத்தச் சொல்லி வாக்களித்தது, நாடுகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்ராறியோ 2020இல் சட்டமே போட்டது, கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்தால்தான் நடைமுறை என்று வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1968இலிருந்து 1971வரை மாற்றாமல் விட்டுப் பார்த்தார்கள், கோடை நேரத்தையே குளிர்காலத்திலும். பிறகு கைவிட்டார்கள்.

எனக்கும் முதலில் ஆசை, கோடை நேரத்தையே வைத்திருந்தால் டிசம்பரில் பொழுது 4:50க்குத்தானே படும் என்று. பிறகு மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். காலை வெளிச்சம் வர ஒன்பது மணி தாண்டும். உடம்பைச் சரிசெய்வது காலை வெளிச்சம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். நிறுத்துவதென்றால் குளிர்கால நேரத்தில் நிறுத்துங்கள். பின்னேரத்துக்குத் திரைச்சீலையும் பல்பும் இருக்கிறது.

25 ஒக்டோபர் 2025

நாளைக்கு மாறுகிறது. இந்த வருடம் பத்து நிமிடக் கணக்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மா இப்போது பகலிலும் இரவிலும் பெரும்பாலும் தூக்கம், விளக்கு வைக்கக் கேட்பதில்லை. நோய் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. லெஸ்டர் தங்கச்சியின் மாமி இன்னும் நடமாடுகிறாராம், போன வருடம் யன்னலை மூடியதில் பாதிச் சண்டை குறைந்தது என்று எழுதியிருந்தார். இதில் உள்ளவை நடமாடும் கட்டத்தில் இருக்கிறவர்களுக்கு.

பாட் மாற்றுவது மட்டும் எந்தக் கட்டத்திலும் உண்டு. நாளைக்கு ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

28 ஒக்டோபர் 2025

வெளிச்ச விளக்கு எது வாங்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பெட்டியில் 10,000 லக்ஸ் என்று போட்டிருந்தால் எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் என்று சின்ன எழுத்தில் பாருங்கள். முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவு வரும் என்றால், டிமென்ஷியா உள்ளவர் அதற்கு முன்னால் இருக்கப்போவதில்லை, தள்ளி விழுத்துவார். மக்குலா பாதிப்போ வேறு கண்வருத்தமோ இருந்தால் கண் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மப்பான நவம்பர் காலையில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டு லைற்றைவிடப் பல மடங்கு. நாங்கள் வாங்கிய விளக்கை இரண்டாம் கைக்கு விற்றுவிட்டு, அம்மாவின் கதிரையைக் கிழக்கு யன்னலடிக்கு நகர்த்தினோம். கதிரையின் ஒரு சில்லு இறுகிப்போயிருந்தது, அதற்குத்தான் கொஞ்சம் எண்ணெய் செலவு.